தேவதைக்கு யார் வைத்த பெயர்?

எல்கடுவ, மாத்தளை மாவட்டத்தில் நக்கிள்ஸ் மலைச் சரிவில் இருக்கும் தேயிலை ஊர். மாத்தளைப் பக்கமிருந்தும் ஏறலாம், வத்தேகமைப் பக்கமிருந்தும் ஏறலாம். வெளியூர்க்காரருக்கு ஹுனஸ் அருவியைச் சொன்னால்தான் இடம் பிடிபடும். இந்த மலையில் ஒரே பண்டத்துக்குப் பல பெயர் உண்டு. தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பிள்ளை ‘தேவதைக் கதை’ என்கிறது. பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளை ‘சுரங்கனா கதா’ என்கிறது. மாத்தளைக் கடையில் வாங்கிய படப்புத்தகத்தின் அட்டை ‘ஃபெயரி டேல்ஸ்’ என்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாயிக்கு இத்தனை பெயர் தேவைப்படவில்லை. அவருக்கு அது ‘கத’.

முதல் மூன்று பெயர்களிலும் வானத்துப் பெண்ணொருத்தி இருக்கிறாள். நாலாவதில் இல்லை. அவள் எங்கிருந்து வந்தாள், யார் கூட்டி வந்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஆங்கிலப் பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1697இல் பாரிஸ் சீமாட்டி மதாம் தொல்னுவா தன் கதைத் தொகுதிக்கு ‘ஃபே’களின் கதைகள் என்று தலைப்பு வைத்தார். அதே ஆண்டில்தான் ஷார்ல் பெரோவின் புகழ்பெற்ற தொகுதியும் அச்சேறியது. சின்ட்ரெல்லாவும் செந்தொப்பிச் சிறுமியும் காலணி போட்ட பூனையும் அதில் வருகிறார்கள். ஆங்கிலத்தில் நிலைத்தது தொல்னுவா வைத்த பெயர். அந்தப் பெயர் எந்த அளவுக்குப் பொருந்தாதது என்பது பெரோவைப் படித்தாலே தெரியும். செந்தொப்பிச் சிறுமியில் இருப்பது ஓநாய். பூனைக் கதையில் இருப்பது பூனை. தேவதை வருகிற கதைகளைவிட வராத கதைகளே உலகத்தில் அதிகம்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது இந்தப் பிரெஞ்சுப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். ரபுன்ஸலைக் கோபுரத்தில் அடைப்பவள் முதல் பதிப்பில் ‘ஃபே’யாகத்தான் இருந்தாள். பின்வந்த பதிப்புகளில் அவளைச் சூனியக்காரியாக்கிவிட்டார்கள், ‘ஃபே’ ஜெர்மன் சொல் அல்ல என்பதற்காக. அவர்களுடைய சின்ட்ரெல்லாவுக்கு மந்திரக்கோல் ஞானத்தாய் கிடையாது. செத்துப்போன தாயின் புதைகுழியில் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் அவளுக்கு ஆடை கொடுக்கின்றன. கதை வகைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெர்ஷென்’. செய்தி, சேதி என்ற பொருளுள்ள பழைய சொல்லின் குறுக்கம் அது. குட்டிச் சேதி என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஃபே’ என்பதன் வேர் இலத்தீன் ‘ஃபாத்தா’, விதியை நிர்ணயிக்கும் தேவியர். அதற்கும் கீழே ‘ஃபாத்தும்’. அதாவது சொல்லப்பட்டது, வாயிலிருந்து வந்துவிட்டது. பேசு என்னும் வினையிலிருந்து பிறந்தது அது. நம்முடைய ‘கதை’யும் வடமொழியில் சொல்லுதல் என்ற வேரிலிருந்து வந்ததுதான். ஈழத்தமிழில் அந்த வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் பேசுவதில்லை, கதைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை வீட்டில் பேசும். நகரத்துப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு கதைக்கவும் பழகிக்கொள்ளும். தமிழ்நாட்டிலோ ‘கதை விடாதே’ என்றால் பொய் சொல்லாதே என்று பொருள். பேச்சு, கதை, பொய் மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது.

பொய்க்கும் கதைக்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கணம் மறைக்கவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையின் வகைகளைச் சொல்லும்போது, பொருள்மரபு இல்லாத பொய்ம்மொழி என்று ஒன்றைத் தனியே எண்ணுகிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் தரும் எடுத்துக்காட்டு இனிமையானது. ஒரு யானையும் ஒரு குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று, அவற்றால் ஆகாத காரியத்தைத் தொடர்ச்சியாகச் சொல்வது. ஒருவரிடமிருந்து மற்றவர் கேட்டுக் கற்று வழிவழியாக வருவது. கிரிம் சகோதரர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர் வாய்மொழிக் கதைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு தேவதையும் இல்லை, யானையும் குருவியும் போதுமாக இருந்திருக்கின்றன.

அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. இந்த உரை வகையில் ஒன்று செவிலிக்கு உரியது என்றும், மற்றது யாருக்கும் தடையில்லை என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. செவிலி என்பவள் பெற்ற தாயல்ல, வளர்க்கும் தாய். பெரோவின் நூலிலும் முகப்புப் படத்தில் நூல் நூற்றபடி பிள்ளைகளுக்குக் கதை சொல்பவள் வயதான ஒரு பணிப்பெண். இரண்டு நாட்டிலும் கதைக்குச் சொந்தக்காரியாகக் காட்டப்படுபவள் அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெண்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பிள்ளைமடுவம்தான் கண்ணில் வருகிறது. விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் மலையேறிக் கொழுந்தெடுக்கும் தாய், கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. சிங்களத்தின் ‘மடுவ’ தமிழ்த் தோட்டத்தில் மடுவமாயிற்று. பிள்ளைக்காம்பரா என்பாரும் உண்டு. மலையேற முடியாத வயதுப் பெண்ணொருத்தி அங்கே தொட்டில்களுக்கு நடுவில் இருப்பார். நாள்முழுக்க அழும் பிள்ளைகளை அடக்க அவரிடம் இருந்த ஆயுதம் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் கதை. தொல்காப்பியம் செவிலிக்கு எழுதிக்கொடுத்த உரிமை மாத்தளைத் தேயிலை மலையில் சம்பளப் புத்தகத்தில் ஏறிய வேலையாக மாறியிருந்தது. இந்த வகைக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் ‘செவிலிக் கதை’ என்பதே பொருந்தும் என்பது என் கட்சி. யார் சொல்கிறார் என்பதைப் பார்த்துப் பெயர் வைப்பது, அதில் யார் வருகிறார் என்பதைப் பார்த்துப் பெயர் வைப்பதைவிட மேல். பாடநூல் எழுதுகிறவர்கள் இதைக் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

இருக்கட்டும், தேவதைக்கு வருவோம். வடமொழியில் ‘தேவதா’ என்றால் தெய்வத்தன்மை. இலக்கணத்தில் அது பெண்பால் சொல், அவ்வளவுதான். ஆண் தெய்வத்தையும் அது குறிக்கும். கிராம தேவதை, பரிவார தேவதை, எல்லைத் தேவதை, துர்தேவதை என்று தமிழில் அது புழங்கிய இடங்களைப் பாருங்கள். அந்தத் தேவதை ஆடு கேட்கும், சாராயம் கேட்கும், கேட்டது கிடைக்காவிட்டால் அம்மை போடும். தோள்பட்டையில் வெள்ளைச் சிறகும் கையில் நட்சத்திரக் கோலும் கொண்ட சின்னப் பெண்ணாக அது மாறியது ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு. வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்கத் தமிழில் ‘சம்மனசு’ என்றும், வேதாகமத் தமிழில் ‘தேவதூதன்’ என்றும் தனித்தனியே இருந்த ஏஞ்சலும் பேச்சுவழக்கில் இந்தத் தேவதைக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டது. கடவுளின் தூதனும் காட்டுச் சின்னப்பெண்ணும் ஒரே சிறகைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

சிங்களத்திலும் இதே கதிதான். ‘சுர’, ‘அங்கனா’ சேர்ந்தால் சுரங்கனா, தேவலோகத்துப் பெண். அவளும் மேலேயிருந்து இறக்கப்பட்டவளே. பாரசீகத்தில் ‘பரி’ என்று ஒரு சொல் இருக்கிறது. உருதுக்காரர் ‘பரி கஹானி’ என்பார்கள். ஒலியைப் பார்த்து அதை ஆங்கில ஃபெயரியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. பரியின் மூதாதை அவெஸ்தாவில் வரும் ‘பைரிகா’, கெடுதல் செய்யும் சூனியக்காரி. பின்னாளில்தான் அழகியானாள். நம் சங்கப் பாட்டின் ‘அணங்கு’ம் அப்படியே. மலையிலும் சுனையிலும் இருந்து ஆளைத் தாக்கி வருத்தும் சக்தி, பிற்காலக் கவிஞர் கையில் அழகான பெண்ணுக்கு இன்னொரு பெயராக இளைத்துப்போயிற்று. எல்லா ஊரிலும் பயங்கரமான பெண்ணைச் சொல்லால் அடக்கி அழகாக்கிவிடுகிறார்கள்.

அடங்காதவள் ஒருத்தி உண்டு. வடமொழி ‘யக்ஷி’ தமிழில் இயக்கியாகி, தென்பாண்டி நாட்டில் இசக்கியானாள். இன்றும் அவள் கோயிலில் பயந்தே கும்பிடுகிறார்கள். அவளுடைய உறவுக்காரி இலங்கையின் முதல் கதையிலேயே இருக்கிறாள். மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கியபோது மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனி ஓர் இயக்கி. ஆட்களை மயக்கி அடைத்துவைக்கிறாள், பிறகு விஜயனுக்கு வழிவிட்டு, அழகிய பெண் வடிவெடுத்து, அவனுக்குப் பிள்ளை பெற்று, கடைசியில் விரட்டப்படுகிறாள். ஹோமரின் கிர்க்கி கதையோடு இதை அறிஞர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தீவின் மண்ணில் முளைத்த ‘ஃபே’ யாரென்று கேட்டால் நான் குவேனியைத்தான் காட்டுவேன். பிள்ளைகளின் படப்புத்தகத்தில் அவளுக்கு இடமில்லை, சின்ட்ரெல்லாவுக்கு இருக்கிறது.

மோகினி எதிர்த்திசையில் போனவள். திருமாலின் அழகு வடிவத்துக்குப் பெயராக இருந்தது கீழிறங்கி மோகினிப் பிசாசு ஆயிற்று. சிங்களவர் கதையில் அவள் வெள்ளைச் சேலையோடு, கையில் குழந்தையோடு, ஆளில்லாத பாதையில் நின்று ‘இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பாள். எல்கடுவப் பாதையின் கொண்டையூசி வளைவுகளில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஆனால் வேகத்தையும் கூட்டுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் தங்கள் பழைய தேவதைகளை மட்டும் கொண்டுவரவில்லை, இங்கே புதியவற்றையும் உண்டாக்கினார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குத் தோட்டத்தில் ‘ரோதை’ என்று பெயர். போர்த்துக்கீசரின் ‘ரோதா’ சிங்களத்தில் ‘ரோதய’ ஆகி நம்மிடம் வந்தது. அந்தச் சக்கரத்தைக் காக்க ஒரு முனி வேண்டியிருந்தது. ரோதைமுனி பிறந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துச்சாமி. ஐரோப்பாவில் ஆலைச் சக்கரம் வந்து தேவதைகளைத் துரத்தியது என்று புலம்பிய கவிஞர்கள் உண்டு. மலையகத்தான் சக்கரத்திலேயே ஒரு சாமியைக் குடியேற்றிவிட்டான்.

ஏ. கே. ராமானுஜன் கன்னட நாட்டார் கதைகளை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டுசொன்னார். அடுப்படியில் பாட்டி சொல்லும் கதைகளில் யாருக்கும் பெயரில்லை. ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு கிழவி, ஊருக்கும் பெயரில்லை. அதே மக்கள் வெளியே மேடையில் பாடும் கதைகளில் எல்லாருக்கும் பெயர், ஊர், குலம் உண்டு. தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக்கூடாது என்ற சங்க அகமரபு ஒருபுறம், பெயர் சொல்லிப் பாடும் புறமரபு மறுபுறம் என்று அவர் இதைத் தமிழ் இலக்கணத்தின் சொற்களிலேயே விளக்கினார். மலையகத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வேறெங்கும் போகவேண்டாம். மாசி, பங்குனியில் திறந்த வெளியில் தப்பு முழங்க நடக்கும் காமன் கூத்தில் ரதி, மன்மதன் என்று பெயர் இருக்கிறது. பொன்னர் சங்கர் பெயரே கூத்தின் பெயர். அருச்சுனன் தபசும் அப்படியே. காம்பராவுக்குள் வந்தால் ‘ஒரு ஊருல ஒரு ராசா’. சிங்களக் கிழவி ‘எகோமத் எக ரட்டக’ என்று தொடங்குவாள், ஒரே ஒரு நாட்டிலே என்று. எந்த நாடு என்று பிள்ளை கேட்பதில்லை. ‘உம்’ கொட்டுகிறது. ‘உம்’ நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம், கதையும் நின்றுவிடும்.

இந்தப் பெயரில்லாமை பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது? உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூலில் சொன்னது பரவலாகத் தெரியும். பெயரில்லாத பாத்திரத்துக்குள் பிள்ளை தன்னை வைத்துப் பார்க்கிறது. மாற்றாந்தாய் என்பவள், கோபப்படும் பெற்ற தாயின் ஒரு பாதி. அவளை வெறுத்தாலும் நல்ல தாய் பத்திரமாக இருக்கிறாள். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் கிரிம் பதிப்புகளின் வரலாறு அவருக்கு ஒரு வகையில் சாட்சி சொல்கிறது. 1812இல் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய்தான். 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சலையும் கிரேத்தலையும் காட்டில் விடச் சொன்னவளும் 1840 வரை தாயே. காரணம் கொடுமையல்ல, பஞ்சம். வீட்டில் மாவில்லை. பெற்றவள் இதைச் செய்வாளா என்று படித்த வீட்டு வாசகர் முகம் சுளிப்பார்கள் என்பதால் பெயரை மாற்றினார்கள்.

மலையகத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு, மாவில்லாத வீடு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பின்வந்த தலைமுறையில் தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் அம்மாயியிடமோ அப்பாயியிடமோ வளர்ந்தார்கள், இன்றும் வளர்கிறார்கள். காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்போது, தாய் என்று சொல்வதா மாற்றாந்தாய் என்று சொல்வதா என்பது பதிப்பாசிரியர் சிக்கல் அல்ல. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அம்மாயி முடிவெடுக்க வேண்டிய விஷயம். அச்சுப் புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது, தொலைக்காட்சிக்குச் சுத்தமாகக் கிடையாது.

பயமுறுத்தும் பெயர்களையும் விட்டுவிடக்கூடாது. தமிழில் பூச்சாண்டி. திருநீறோ சாம்பலோ பூசிய ஆண்டி யாரோ ஒருவன் பிள்ளைபிடிப்பவனாகிவிட்டான். சிங்களத்தில் ‘கோணி பில்லா’. முதுகில் கோணிச் சாக்கோடு வந்து சாப்பிடாத பிள்ளையைப் பிடித்துப்போகிறவன். தீவு முழுக்கத் தெரிந்த இந்தப் பெயர் 1987 முதல் 89 வரையிலான கலவரக் காலத்தில் ஒரு காரியம் செய்தது. தலையில் சாக்கைப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, வரிசையில் நிற்கும் இளைஞர்களில் இன்னார் இன்னார் என்று தலையசைத்துக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு மக்கள் வைத்த பெயர் கோணி பில்லா. வடக்கில் அதே வேலையைச் செய்தவனுக்குத் தலையாட்டி என்று பெயர். சோறு ஊட்டக் கண்டுபிடித்த பூதம் உண்மையிலேயே சந்தியில் வந்து நின்றது. பேய்க்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று கவலைப்படுகிறவர்கள், பெரியவர்கள் பிள்ளைக் கதையிலிருந்து எதை எடுத்துப் போகிறார்கள் என்றும் கொஞ்சம் கவலைப்படலாம்.

எழுத்தாளர் டோல்கியன் 1939இல் ஒரு சொற்பொழிவில், இந்தக் கதைகள் பிள்ளைகளுக்கென்று பிறந்தவையல்ல, பெரியவர்கள் அலுத்துப்போய் ஒதுக்கியதால் பிள்ளைகள் அறைக்கு வந்தவை என்றார். மலையகத்தின் பிறப்பே பெரியவர்களுக்குச் சொன்ன ஒரு கதையில் இருக்கிறது. மதுரை, திருச்சி, தஞ்சை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் சேர்க்கும் கங்காணிமார் போய்ச் சொன்னார்களாம்: கண்டிச்சீமையில் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும். முதலில் கோப்பிச் செடி, பிறகு தேயிலைச் செடி. தலைமுறை தலைமுறையாக மலையகத்தில் சொல்லப்படும் இதைக் கேட்காத வீடு கிடையாது. ‘சீமை’ என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. எல்லை என்ற பொருளில் தொடங்கி, நாடு என்றாகி, பிறகு கடல்கடந்த நாடு என்றாயிற்று. சீமைத்துரை, சீமையெண்ணெய், கண்டிச்சீமை. ஏழு கடல் ஏழு மலை என்று கதையில் வருவதற்கு நடைமுறைப் பெயர் அதுதான்.

அந்தக் கதையை நம்பிப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி வடக்குப் பாதைக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் விழுந்தவர்கள் பலர். 2023இல், வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் ஒரு நடைபயணம் நடந்தது. தேங்காயும் மாசியும் கதை இப்போது கூட்டங்களில் ஏமாற்றத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு யாரும் அதைச் சொல்லித் தூங்கவைப்பதில்லை.

ராமானுஜனின் பிரிவினையை வைத்து அதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அது செவிலி சொன்ன கதையல்ல. ஊருக்குப் பெயர் இருந்தது, சொல்கிறவனுக்குப் பெயர் இருந்தது, முன்பணமும் அவன் மடியில் இருந்தது. ‘ஒரு ஊருல’ என்று தொடங்கியிருந்தால் அம்மாயியிடம் ‘உம்’ கொட்டி வளர்ந்த எவருக்கும் அது பொய்ம்மொழி என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்திருக்கும். கங்காணி கண்டிச்சீமை என்று ஊர்ப்பெயர் சொல்லித் தொடங்கினான்.